கார்த்திகைக் கப்பல்

"திருகோணமலைக்குப் போறதுக்கு பஸ் இரிக்குகா. வெள்ளண ஏறினா மத்தியானச் சோத்துக்கு அங்க நிக்கலாம். அதுக்கு யாழ்ப்பாணம் போய், பிளேன் ஏறி, சென்னைக்குப் போய், அங்க கப்பல் ஏறி, மறுகா கிறுகித் திருகோணமலைக்கு வாறதாம். கேக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

அண்ணன் இதைச் சொன்னது சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே எங்கள் விறாந்தையில் நின்று சொன்னார். கோபத்தோடு வந்தால் அதைக் கழற்ற அவருக்கு நினைவு வராது.

"சிரிக்கட்டும்" என்றாள் தங்கச்சி. "அவனுக்கும் ஒரு டிக்கட் எடுப்பமா?"

நானும் தங்கச்சியும் செட்டிபாளையத்தில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகளில் இருக்கிறோம். நடுவில் வேலி இல்லை. ஒரு பக்கம் கடல் கேட்கும். தெருவைக் கடந்து மற்றப் பக்கம் நடந்தால் வாவி. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணனும் அப்படித்தான் கல்லடிக்குப் போனார். இந்த வளவில் அவருக்கு ஒரு தென்னை மரமும் இல்லை. ஆனால் புத்தி சொல்லும் உரிமையைச் சீதனமாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் எங்கேயும் இல்லாதபடியால் அதை மட்டும் அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

நான் கலியாணம் முடிக்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் அலுவலகத்தில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றேன். மற்றவர்களுடைய திகதிகளை எழுதி எழுதி, திகதி சொல்லாமல் எதையும் சொல்ல முடியாத பழக்கம் வந்துவிட்டது. தங்கச்சியின் புருசன் கடற்றொழில் செய்தவர். மூன்று வருடங்களுக்கு முன் ஆவணி மாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தார். ஒரே மகன் இப்போது அதே தொழிலைச் செய்கிறான். மகனும் மருமகளும் அவளோடுதான் இருக்கிறார்கள்.

நாங்கள் ஏற நினைத்த கப்பல் சென்னையிலிருந்து புறப்படுவது. எங்கள் தீவின் தெற்கே அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைத் தொட்டு, கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறி, திருகோணமலையில் ஒரு பகல் நின்றுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும். அதன் பயண அட்டவணையை வைத்துக் கணக்குப் பார்த்தேன். எங்கள் ஊருக்கு நேரே அது காலை வெளிச்சத்தில் கடக்க வேண்டும். கப்பலில் நீச்சல் குளம், ஆட்டம், பாட்டு, பதினைந்து வகைக் கறி என்று படத்தில் போட்டிருந்தார்கள். அவை ஒன்றும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தக் காலை வெளிச்சம் மட்டும்தான்.

புருசனின் முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடிந்து சில மாதங்கள் சென்றபின் ஒரு நாள், மகன் மீன்பிடிப் போட்டைத் தள்ளிக் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தங்கச்சி என்னிடம் கேட்டாள்: "அக்கா, அங்கால நிண்டு பாத்தா நம்மட ஊடு தெரியுமா?"

"அவரிட்டக் கேக்கல்லியா நீ?"

"கேட்டன். ஒரு நாள் தெரியும் எண்டார். இன்னொரு நாள் கோயில் கோபுரந்தான் தெரியும் எண்டார். மகனிட்டக் கேட்டா போன் டவர் தெரியுமாம். மூண்டு பேர் மூண்டு ஊரச் சொல்லுறாங்க."

"மூண்டாவது ஆள் யார்?"

"அவர்தான். சாகக் கிடக்கக்குள்ள ஒண்டும் தெரியாது, வெறும் பச்சை எண்டார்."

வெளியூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் கரையில் கடலுக்குப் போகும் படகில் பெண் ஏறக்கூடாது. வாவியில் தோணி ஏறலாம், இறால் வடிக்கலாம், அக்கரைக்குப் போகலாம். கடல் படகு வேறு. காலடி படக்கூடாது, மணலில் விரித்த வலையைத் தாண்டவும் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. யாரும் வாய்திறந்து சொல்வதுகூட இல்லை. ஆனால் தங்கச்சியின் புருசன் கடலுக்குப் போன அத்தனை வருடங்களில் அவள் அந்தப் போட்டின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் கழுவியிருக்கிறாள். அந்தப் போட் அவளுடைய சீதன நகையில் வாங்கியது. முதற் போட்டைச் சுனாமி கொண்டுபோனபோது, மிஞ்சியிருந்த நகையில் இரண்டாவதை வாங்கினார்கள். இரண்டும் அவள் பெயரில்தான் பதிவு. புதுப் போட்டை இறக்கிய காலையில் மணலில் பொங்கல் வைத்தவள் அவள். தேங்காய் உடைத்தவள் அவள். மஞ்சள் தண்ணீர் தெளித்தவள் அவள். தெளித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆண்கள் ஏறிப் போனார்கள்.

ஆகவே ஒரு கப்பலின் படத்தை நான் காட்டியபோது அவள் கறி வகைகளைப் பார்க்கவில்லை. "இதுல பொம்புளையள் ஏறலாமா?" என்றுதான் கேட்டாள்.

ஏன் கார்த்திகை என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சியோடு ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்தேன். தை பொங்கலோடு தொடங்கி உறவுக்காரரோடு முடியும். மாசியும் பங்குனியும் கரடியனாற்றில் அவளுடைய வயலில் அறுவடை, சூடடிப்பு. காணிக்காரி நிற்காவிட்டால் நெல் பிரிக்கும் இடத்தில் சண்டை வரும் என்று மகனே சொல்வான். சித்திரை வருடப்பிறப்பு. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும். குளிர்த்திச் சடங்கு முடியும்வரை அவள் ஊரை விட்டு அசைய மாட்டாள், அது அவளாக வைத்த நேர்த்தி. ஆனியில் மருமகளின் தங்கைக்குக் கலியாணம். ஆடியில் அமாவாசைத் தீர்த்தம். ஆவணியில் திவசம். புரட்டாதியில் நவராத்திரியும் விதைப்பும். ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம். மார்கழியில் திருவெம்பாவை. கார்த்திகையில் வந்து விரல் நின்றது.

கார்த்திகையில் எங்கள் ஊரில் கலியாணம் இல்லை, வயலில் களை பிடுங்கவும் விடாத மழை, தெருவில் முழங்கால் வெள்ளம். விளக்கீடு ஒரு மாலை, மருமகள் ஏற்றுவாள். யாருக்கும் இவள் தேவைப்படாத மாதம் அது ஒன்றுதான். புயல் வரும் மாதமும் அதுதான்.

"அப்ப அதிலயே போவம்" என்றாள். "எனக்கெண்டு மிச்சமா விட்டிரிக்கிறது அதத்தானே."

அண்ணன் தலைக்கவசத்தோடு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் கதை எடுபடாதபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவள் நீ. பத்திரிகை எல்லாத்தையும் வெட்டி ஒட்டி வச்சிருக்காய். எடுத்துப் பாருகா, எந்த மாசத்துல புயல் வந்த எண்டு. பாத்திட்டுச் சொல்லு."

பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன். புயல், வெள்ளம், வெள்ளம் வடிய வாவி முகத்துவாரம் வெட்டிய செய்தி என்று நான் வெட்டி வைத்ததையெல்லாம் தரையில் பரப்பி, மாதவாரியாக அடுக்கினேன். கப்பலோட்டிகள் எழுதிய பழைய பயண நூல்களையும், வங்காள விரிகுடாவின் காற்றைப் பற்றிய கனமான புத்தகம் ஒன்றையும் முன்பே படித்திருந்தேன். எல்லாம் ஒன்றையே சொன்னது. எங்கள் கடலில் மோசமான காலம் ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி நடுவரை. அண்ணன் சொன்னது சரி. கார்த்திகைக் குவியல்தான் எல்லாவற்றிலும் உயரமாக இருந்தது.

தங்கச்சியை அழைத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "ஓம், அண்ணன் சொன்னது சரிதான். மறுகா?" என்றாள்.

"மறுகா என்ன? உனக்குப் பயமில்லையா?"

"பயந்தான். மகன் போகக்குள்ள ஒவ்வொரு நாளும் பயந்தான். அவர் போகக்குள்ளயும் பயந்தான். கரையில நிண்டு பயப்பட்டுப் பழகிப் போச்சு. ஒருக்கா கடலுக்குள்ள நிண்டு பயப்பட்டுப் பாப்பம்."

அந்தக் குவியலில் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியைப் பற்றிய ஒரு துண்டும் கிடந்தது. அது மற்றவர்கள் எழுதியது. எனக்கு என்னுடையது இருக்கிறது. அந்தக் கார்த்திகையில் நான் பள்ளிக்கூடத்துச் சிறுமி, தங்கச்சி இன்னும் சின்னவள். எங்கள் ஓட்டு வீட்டின் நடு அறையில் நெல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி எங்களை நடுவில் இருத்தி, அப்பா கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றார். ஓடுகள் ஒவ்வொன்றாகப் போகவில்லை. ஒரே இழுவையில் போயின. அதன் பிறகு மழை நேரே எங்கள் மீது விழுந்தது. விடிந்து வெளியே வந்தபோது எங்கள் வளவிலிருந்து வாவி தெரிந்தது. அதற்குமுன் ஒருநாளும் அது அங்கிருந்து தெரிந்ததில்லை. மறைத்து நின்ற தென்னைகள் ஒன்றும் நிற்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் அலை கல்லடியில் அண்ணனின் வீட்டை எடுத்தது. ஆட்கள் தப்பினார்கள், சுவர் ஒன்றும் தப்பவில்லை. அண்ணன் பிறகு உள்ளே தள்ளி ஒரு வீடு கட்டினார். கடல் இருக்கும் பக்கத்தில் ஒரு யன்னலும் வைக்கவில்லை. அதனால் அவர் பயத்தை நான் சிரிப்புக்கு எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு நான் கீழ்ப்படியவும் இல்லை. என் கணக்கு வேறு. கடல் எங்களைத் தேடி வந்த இரண்டு தடவையும் நாங்கள் கரையில்தான் இருந்தோம். சூறாவளியில் எங்கள் தலையில் விழப் பார்த்தது எங்கள் கூரை. வீட்டில் இருந்தால் ஒன்றும் நடக்காது என்று எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சொல்ல முடியாது.

இதை அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் "சரி, காத்த விடு. அவள் புருசன் செத்தவள். ஆட்டம் பாட்டம் நடக்கிற கப்பல்ல போய் நிண்டா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. ஐப்பசி முழுக்க எங்கள் வீட்டில் அடித்த புயல் வங்காள விரிகுடாவில் உண்டானதல்ல. கடைச் சந்தியிலும், கோயில் கிணற்றடியிலும், அண்ணியின் வீட்டு விறாந்தையிலும் உண்டானது. காற்று ஒரு சாட்டு, சொல்லிக்கொள்ள ஒரு காரணம். சாட்டு என்று தெரிந்தபின் எனக்கு ஒரு துணிவு வந்தது. காற்றோடு வாதாட என்னால் முடியாது. ஆக்களோடு முடியும்.

"ஆக்கள் சொல்லுறத நீங்க ஒரு கடதாசியில எழுதித் தாங்க அண்ண, திகதி போட்டு. ஒட்டி வைக்கிறன்" என்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இதெல்லாம் எளிதான பகுதி. கடினமான பகுதி யாழ்ப்பாண பஸ்ஸுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது வந்தது.

காலையில் வானொலியில் அறிவித்தல். தென்கிழக்கே தாழமுக்கம், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். மத்தியானத்துக்கு முன் மகன் எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்தான். போட்டைத் தென்னையடிவரை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். பின்னேரம் கப்பல்காரரின் கடிதம் என் தொலைபேசிக்கு வந்தது. நான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு விறாந்தைக்குப் போனேன். அண்ணன் மழையில் நனைந்து வந்திருந்தார். இந்த முறை தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தார். மகன் தூணில் சாய்ந்து நின்றான். தங்கச்சி இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். கப்பல் புறப்படும். ஆனால் காலநிலையைப் பார்த்து வழி மாறும். அம்பாந்தோட்டையும் திருகோணமலையும் நிச்சயமில்லை. கரையைத் தொடாமல் கடலிலேயே நின்று சென்னைக்குத் திரும்பவும் கூடும். விரும்பாதவர்கள் இதே பயணத்தைப் பங்குனிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு நட்டமும் இல்லை. அன்று இரவுக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

"கடவுளே கண் திறந்திட்டார்" என்றார் அண்ணன். "பங்குனிக்குப் போங்க. கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். நானே உங்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய் விடுறன்."

"மாமா சொல்லுறது சரிம்மா" என்றான் மகன். "இப்ப போனாக் கரையும் காண மாட்டீங்க. பங்குனியில போனா வடிவாக் காணலாம். நீங்க கேட்டது அதத்தானே?"

உண்மை. அவள் கேட்டது அதைத்தான். நானும் அதையே யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். இப்போது போனால் ஆபத்தும் உண்டு, கரையும் இல்லை. பங்குனியில் போனால் ஆபத்து இல்லை, கரை உண்டு. எந்தப் பக்கம் எழுதிப் பார்த்தாலும் கூட்டல் ஒன்றாகத்தான் வந்தது. இத்தனை நாள் இவளுக்காக வாதாடிய நான், "பங்குனிக்கு மாத்துவமாகா?" என்றேன்.

தங்கச்சி தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீதானே நாட்காட்டியப் பாத்து எண்ணினாய். பங்குனியில என்ன இரிக்கு?"

நான் தொலைபேசித் திரையைத் துடைத்தேன்.

"சொல்லுகா. மறந்திட்டியா? நீ ஒண்டும் மறக்கமாட்டாயே."

"சூடடிப்பு" என்றேன்.

"சூடடிப்பு. இவன் வந்து, அம்மா நீங்க நிக்காட்டி நெல்லுப் பிரிக்க ஏலா எண்டு சொல்லுவான். நானும் நிப்பன். மறுகா சித்திரை வரும். இவன்ட பொஞ்சாதிக்குச் சித்திரையில புள்ளப்பேறு. யார் பாக்கிற? நான்தான். வைகாசி அம்மனுக்கு. எந்தப் பங்குனியச் சொல்லுறீங்க எல்லாரும்? அவர் உசிரோட இரிக்கக்குள்ளயும் பங்குனி வந்தது. ஒவ்வொரு வருசமும் வந்தது. அமந்த கடல், பாய் விரிச்ச கடல். போட்டுல ஏத்தினாரா? கடல் அமந்து கிடந்தா ஏத்துவன் எண்டு ஒருநாளும் ஒருத்தரும் சொல்லல்லியே."

"அது வேற கதகா" என்றார் அண்ணன். "அது போட். அது வழக்கம்."

"அது வழக்கம், இது காத்து. என்னத் தடுக்க எப்பவும் ஒண்டு இரிக்கும்."

மகன் தூணை விட்டு நிமிர்ந்தான். "அம்மா, நான் போக விட மாட்டன். அவ்வளவுதான். கடல் தெரிஞ்சவன் சொல்லுறன்."

அவள் அவனைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. "மனே, போட்ட எப்ப மேல இழுத்த?"

"இண்டைக்கு."

"நேத்து?"

"நேத்துப் போனன். நேத்து அறிவிக்கல்லியே."

"முந்தநாள் காத்து எப்பிடி?"

"கொஞ்சம் இரிந்த."

"போனியா?"

"போனன்."

"என்னட்டக் கேட்டியா?"

அவன் மறுபடி தூணில் சாய்ந்தான்.

"கார்த்திகை முழுக்க நீ போற. மார்கழியும் போற. உன்ட போட் இந்த விறாந்தையில இருந்து கிணறு வரைக்குந்தான் நீளம். அது என்ட போட். அதுல நீ போகக்குள்ள நான் இஞ்ச இரிந்து கும்பிடுறன், போகாத எண்டு உன்னக் கட்டி வைக்கல்ல. இந்தக் கப்பல் மாடி மாடியா இரிக்கு. அத ஓட்டுறவன் உன்னப் போலத்தான், காத்துப் பாத்துத்தான் ஓட்டுவான். அவன் போகேலா எண்டு சொன்னா நான் சென்னையில நாலு கோயில் பாத்திட்டுக் கிறுகி வாறன். அவன் போறன் எண்டா நானும் போறன். நீ கடலக் கேட்டுத்தானே போற? மாமாவக் கேட்டா போற?"

அண்ணன் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "கரை தெரியாட்டி?" என்று கேட்டார். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். "அதுக்குத்தானே இவ்வளவும்?"

"தெரியாட்டிப் போகட்டும் அண்ண. கரைய விட்டுப் போனன் எண்டு இரிக்கும்."

மழை ஓட்டில் அடித்தது. நான் தொலைபேசியை எடுத்து, எல்லோரும் பார்க்க, பதில் எழுதினேன். எங்கள் இருவரின் பெயர், நாங்கள் வருகிறோம். அதற்குக் கீழே, வழக்கம்போல, திகதி. அனுப்பிவிட்டு, "பதில் போயிட்டு" என்றேன். அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு, "விசர். ரெண்டும் விசர்" என்றார். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, "பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு போக ஓட்டோ சொல்லாதீங்க. நான் வாறன்" என்றார்.

கப்பலைப் பற்றி நான் குறைவாகவே எழுதப்போகிறேன். அது புறப்பட்டது. ஒரு நாள் தாமதித்துப் புறப்பட்டது. தாழமுக்கத்துக்கு விலகி, வடக்கேயும் கிழக்கேயும் போய், எங்கள் தீவின் பக்கமே வராமல், கடலில் நின்றது. திருகோணமலை இல்லை. நீச்சல் குளத்துத் தண்ணீர் தானாக ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தது. வலை போட்டு மூடிவிட்டார்கள். தங்கச்சி முதல் நாள் பகல் முழுக்க வாந்தி எடுத்தாள். நான் மாத்திரை போட்டேன், நீட்டினேன், அவள் தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள் காலை எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசி, "வாகா, வெளிய போவம்" என்றாள்.

மேல்தளத்துக் கதவைப் பூட்டியிருந்தார்கள். பெரிய கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்றோம். நாலு பக்கமும் சாம்பல் நிறம். அலைகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறின. கரை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. அவள் கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து நெடுநேரம் பார்த்தாள். கப்பல் சாயும்போது பக்கத்தில் நின்ற ஒருவர் கம்பியைப் பிடித்தார். அவள் பிடிக்கவில்லை.

"இதுதானாகா?" என்றாள்.

"இதுதான்."

"இதுக்குள்ளதான் இவ்வளவு காலமும் அவர் நிண்டவரா?"

"ஓம்."

"பாவம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என்னையும் ஏத்தியிரிக்கலாம். நானும் நிண்டிரிப்பன்" என்றாள்.

இரண்டுக்கும் அவள் அழவில்லை. பசிக்கிறது என்றாள். பதினைந்து வகைக் கறியில் அவளுக்குப் பிடித்தது ரசம் மட்டும்தான்.

நாங்கள் வீடு திரும்பியபோது கிணற்றடித் தகரம் போயிருந்தது, முருங்கை முறிந்து மருமகளின் யன்னலில் சாய்ந்து கிடந்தது, தெருவில் வெள்ளம் வடியவில்லை. எங்கள் வளவில்தான் அந்தக் காற்று வேலை செய்திருந்தது. அதை நான் அண்ணனிடம் சொல்லிக்காட்டவில்லை. அவராகவே வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கப்பல்ல ஆட்டம் கூடவா?" என்றார்.

"ஆட்டம் இரிந்த. பாட்டுத்தான் இல்ல" என்றாள் தங்கச்சி. "கரையும் காணல்ல."

"அப்ப ரெண்டு பேரும் என்னத்தக் கண்டீங்க?"

"கடல. இன்னும் ஒண்டு பாக்க மிச்சம் இரிக்கு. இவன்ட்டச் சொல்லியிரிக்கன்."

மகனிடம் அவள் சொன்னது, கடல் அமந்ததும் தன்னுடைய போட்டில் தான் ஏறுவேன் என்பது. அவன் பாப்பம் என்றான். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். தை முழுக்க அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள், அவன் ஒவ்வொரு நாளும் பாப்பம் என்றான். தொழிலுக்கு வரும் மற்ற இருவரும் பெண் ஏறிய போட்டில் பிறகு தாங்கள் ஏறமாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். "வராட்டி நிக்கச் சொல்லு. கார்த்திகைக் கடலப் பாத்தவள் நான். போட் யார்ட எண்டும் சொல்லு" என்று இவள் திருப்பிச் சொல்லியனுப்பினாள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. இதை எழுதும் நாளிலும் ஒருவர் வரவில்லை. மற்றவர் வந்து கரையில் நிற்கிறார், ஆனால் கையை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அறுவடைக்கு இன்னும் ஆள் இறங்காத மாசிக் காலை. கடல் அமந்து கிடந்தது. நானும் தங்கச்சியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினோம். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டின் பக்கத்தில் நின்றான். ஆனால் மீன் பெட்டியைக் கழுவியிருந்தான், வலையை வெளியே எடுத்திருந்தான். நடுவில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

தங்கச்சி போட்டின் விளிம்பில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது என்னத்துக்கு மனே?"

"நீங்க இரிக்கத்தான்."

"நீ எங்க இரிப்பாய்?"

"நான் பலகையிலதான்."

அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். ஈரக் கயிறு, நேரம் எடுத்தது. அவன் உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் இல்லை. கதிரையைத் தூக்கி மணலில் எறிந்தாள். கை கட்டி நின்ற மனிதர் அது தன் காலில் படாமல் ஒதுங்கினார். பிறகு சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருவரையும் பிடிக்காமல், வலது காலை உள்ளே வைத்தாள்.

"வாகா, ஏறு" என்றாள் என்னிடம். "இனி என்ன திகதியா பாக்கிற?"